குன்னூர் தம்பியின் ஆட்டோமேட்டிக் காருக்கு

தம்பி, கனடாவின் கால்கரிக்கு வந்த மூன்றாம் மாதமே பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கிவிட்டு, "குன்னூரில் கிளட்ச் மிதித்தே கால் தேய்ந்தது, இதில்தான் கியரே இல்லையே, எஞ்சின் ஆயில் மாற்றினால் போதும்தானே அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கியர் இருக்கிறது, மாற்றுவது நாம் இல்லை, அவ்வளவுதான்.

கோத்தகிரிக்காரன் நானும் முதல் காரை இதே நினைப்பில்தான் ஓட்டினேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கென்று தனி எண்ணெய் உண்டு, ஏடிஎஃப் என்பார்கள். உள்ளே இருக்கிற கிளட்சுகளை இறுக்கிப் பிடிப்பது அந்த எண்ணெயின் அழுத்தம், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். எனக்குக் கார் விற்றவர் "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில்" என்றார். யாருடைய ஆயுள் என்று நான் கேட்கவில்லை. 1,60,000 கிலோமீட்டர் தாண்டியதும் ரிவர்ஸ் போட்டால் வண்டி இரண்டு விநாடி யோசித்துவிட்டுத்தான் நகரும், மேட்டில் மிதித்தால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தேன். ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி சிவப்பாக இருக்க வேண்டியது, முந்தாநாள் டிகாஷன் நிறத்தில், கருகிய வாடையோடு இருந்தது. சரிசெய்யக் கேட்ட தொகை, கார் வாங்கிய விலையைவிட அதிகம். பழைய இரும்புக்குப் போட்டேன்.

பொதுவாக 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள், ஆனால் கூடவே வருகிற புத்தகத்தில் கடுமையான உபயோகத்துக்கு என்று தனிக் கணக்கு இருக்கும், அதைப் பாருங்கள். கடுங்குளிர், பக்கத்துக் கடைக்கு ஐந்து நிமிட ஓட்டம், மலைப் பாதை எல்லாம் அதில்தான் வரும், அதாவது நம் கதை. முந்தைய ஓனர் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய பல கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது, மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். உங்களுடையது சிவிடி வகையா, அதாவது கியர் படிகளுக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற வகையா என்று முதலில் கேளுங்கள். அப்படியென்றால் அதற்கென்று சொன்ன எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், விலை குறைவு என்று வேறெதையும் ஊற்றினால் தொலைந்தது.

இங்கே மைனஸ் 25இல் எண்ணெய் கெட்டியாகிவிடும். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் விட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். பனியில் சக்கரம் புதைந்தால் டி (முன்னே), ஆர் (பின்னே), டி, ஆர் என்று மாற்றி மாற்றி முறுக்கவே முறுக்காதீர்கள், சூட்டில் கியர்பாக்ஸ் வெந்துவிடும். மண்வெட்டியை எடுங்கள்.

அப்புறம் சரிவு. கோத்தகிரி மார்க்கெட் இறக்கத்தில் அப்பா ஜீப்பை நிறுத்தினால் முதல் வேலை சக்கரத்துக்குக் கல் வைப்பது. ஆட்டோமேட்டிக்கில் 'பி', அதாவது பார்க்கிங், போட்டதும் வண்டியைப் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கிற விரல் அளவு இரும்புப் பல் ஒன்று. மொத்த எடையையும் அதில் ஏற்றினால், காலையில் 'பி'யிலிருந்து எடுக்கும்போது 'டொக்' என்று சத்தம் வரும். அதனால் பிரேக்கை மிதித்து, நியூட்ரல் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, காலை எடுத்து வண்டி உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பிறகு 'பி' போடுங்கள். ஏற்றத்தில் சிக்னலுக்கு நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் பிடித்து நிற்காதீர்கள், அது கியர்பாக்ஸை அடுப்பில் வைப்பது. இறக்கத்தில் பர்லியார் பக்கம் "இரண்டாவது கியரில் செல்லவும்" என்று போர்டு பார்த்திருப்பீர்களே, பான்ஃப் பக்கம் மலையிறங்கும்போதும் அதேதான், 'எல்' அல்லது '2' என்கிற தாழ்ந்த கியர். நியூட்ரலில் உருட்டுகிற நம்மூர் மிச்சப் புத்தி மட்டும் வேண்டவே வேண்டாம்.

வண்டியின் மாடலும் வருடமும் எழுதுங்கள், எந்த எண்ணெய் என்று பார்த்துச் சொல்கிறேன்.