தீம் பார்க் ரைடுகளுக்குப் பின்னாடி ஏதாவது கதை இருக்கா, இல்ல சும்மா பயமுறுத்தத்தானா?

"சும்மா"ன்னு ஒரு வார்த்தை போட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் உக்காந்து டைப் பண்றேன். உங்க கூட வந்தவங்க யாராவது "இதுல என்ன இருக்கு, சுத்துது, கத்துறாங்க, அவ்வளவுதான"ன்னு சொல்லியிருப்பாங்க, உங்களுக்கு மனசு கேக்கல, அதான் இங்க வந்து கேட்டிருக்கீங்கன்னு நினைக்கிறேன்.

கதை இருக்குங்க. சொல்லப்போனா நிறைய ரைடு விளையாட்டுக்குன்னு மட்டுமே பொறந்தது இல்ல. ரோலர் கோஸ்டரையே எடுத்துக்குங்க. ரஷ்யாவுல குளிர்காலத்துல மரத்தால உயரமா சாய்வு கட்டி, அது மேல தண்ணி ஊத்தி உறைய விட்டு சறுக்கி விளையாடுவாங்க, அதப் பாத்துதான் 1817ல பாரிஸ்ல சக்கரம் வெச்ச வண்டியா பண்ணாங்க. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அமெரிக்காவுல பென்சில்வேனியா மலையில நிலக்கரி இறக்குறதுக்கு 1827ல போட்ட தண்டவாளம். சரிவுல வண்டி தானா இறங்கிடும், காலி வண்டிய மறுபடி மேல இழுக்குறது கோவேறு கழுதைங்க வேலை, அதனால இறங்கும்போது அதுங்களுக்கும் ஒரு வண்டி போட்டு ஏத்தி விட்டுடுவாங்க! பின்னாடி ஜனங்களே காசு குடுத்து ஏற ஆரம்பிச்சாங்க. இந்த மாதிரி ஒண்ணத்தான் 1884ல லமார்கஸ் தாம்சன் நியூயார்க் கோனி ஐலண்ட்ல கட்டினாரு. டிக்கெட் 5 சென்ட், வேகம் மணிக்கு 6 மைல்தான். அவர் காலுறை ஃபேக்டரி நடத்தி சம்பாதிச்ச மனுஷன், தெய்வபக்தி ஜாஸ்தி, ஜனங்க குடி சூதாட்டம்னு போகாம இருக்க நல்ல பொழுதுபோக்கு வேணும்னு நினைச்சவரு.

பாராசூட் டவரும் அப்படித்தான். ராணுவத்துல பாராசூட்ல குதிக்கப் பழக்குறதுக்கு ஒரு ரிட்டயர்டு கடற்படை அதிகாரி செஞ்சது, 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில அதையே ரைடா வெச்சுட்டாங்க.

இப்ப என் விஷயத்துக்கு வரேன். காலேஜ் ஃபைனல் இயர் செமினார்ல நான் எடுத்த டாபிக் ரோலர் கோஸ்டர் லூப், அதாவது வண்டி தலைகீழா ஒரு சுத்து சுத்தி வர்ற இடம். பழைய காலத்துல, 1895 வாக்குல, லூப்ப அப்படியே முழு வட்டமா கட்டினாங்க, ஏறினவங்களுக்கு கழுத்து வலி. ஏன்னு ரொம்ப சிம்பிளா கணக்கு போடலாம். உராய்வையே விட்டுடுங்க, வட்டத்தோட உச்சியில வண்டி கீழ விழாம போற அளவுக்கு மட்டும் வேகம் இருந்தாலே, கீழ நுழையிற இடத்துல உங்க உடம்பு 6 மடங்கு எடையா அழுத்தும். அதுவும் படிப்படியா இல்ல, நேர் பாதை முடிஞ்ச அந்த நொடியே. இதுக்கு வழி பண்ணது வெர்னர் ஸ்டெங்கல்னு ஒரு ஜெர்மன் எஞ்சினியர். 1976ல கலிஃபோர்னியாவுல மேஜிக் மவுண்டன்ங்கிற தீம் பார்க்ல வந்த ரெவல்யூஷன் கோஸ்டருக்கு, ரயில் பாதை, ரோடு எல்லாம் வளையிற இடத்துல போடுற க்ளோதாய்டு வளைவ லூப்புல கொண்டுவந்தாரு. கீழ அகலமா மெதுவா வளைஞ்சு மேல போகப் போக இறுகும், அதான் இப்ப லூப் எல்லாம் கண்ணீர்த் துளி மாதிரி இருக்கு. நான் போர்டுல படம் வரைஞ்சு இந்த இடத்துக்கு வந்தப்போ சார் கைய நீட்டி நிறுத்திட்டாரு. "விளையாட்டு சாமானெல்லாம் வேண்டாம், சீரியஸா ஏதாவது எடுத்துட்டு வா"ன்னாரு. மொத்த கிளாஸும் சிரிச்சுச்சு. பிஸ்டன் பத்தி பேசினவனுக்கு முழு மார்க். என் கணக்கு தப்புன்னு சொல்லியிருந்தா சரின்னு உக்காந்திருப்பேன், கணக்க அவர் பாக்கவே இல்ல. இன்னிக்கும் எனக்கு அது ஆறல.

எஞ்சினியர்னா பாலம் கட்டணும், டேம் கட்டணும்னு கமெண்ட்ல யாராவது வருவீங்கன்னு தெரியும். ஃபெரிஸ் வீல், அதான் ராட்சத ராட்டினம், அத முதல்ல கட்டின ஃபெரிஸே பாலத்து ஆளுதாங்க. ஜார்ஜ் ஃபெரிஸ், பாலத்துக்குப் போற ஸ்டீல டெஸ்ட் பண்ற கம்பெனி வெச்சிருந்தாரு. 1889ல பாரிஸ்காரங்க ஈஃபிள் டவர் கட்டிட்டாங்க, 1893 சிகாகோ கண்காட்சிக்கு அதத் தாண்டி ஒண்ணு வேணும்னு கேட்டப்போ இவர் போட்ட பதில்தான் 264 அடி ராட்சத ராட்டினம். 36 பெட்டி, ஒவ்வொண்ணுலயும் 60 பேரு, நடு அச்சு மட்டுமே 45 அடி நீளம். அவ்வளவு பெரிய சக்கரத்த சைக்கிள் வீல் மாதிரி கம்பியோட இழுவிசையில நிக்க வெச்சாரு, இது சுத்தாது, சாஞ்சிடும்னு பேசினவங்க அப்பவும் இருந்தாங்க. அந்தக் கண்காட்சியில எந்த விபத்தும் இல்லாம லட்சக்கணக்கான பேரு ஏறினாங்க. ஆனா காசு விஷயத்துல கோர்ட்டு வழக்குன்னு அலைஞ்சு, 1896ல 37 வயசுல போய்ச் சேந்துட்டாரு. 1906ல அந்த ராட்டினத்த வெடி வெச்சுத் தகர்த்து பழைய இரும்புக்குப் போட்டாங்க. இத நினைச்சா எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும்.

பேய் வீட்டையும் விட முடியாது. டிஸ்னிலாண்ட் ஹான்டட் மேன்ஷன்ல (1969) ஆவிங்க டான்ஸ் ஆடுற ஹால் இருக்கே, அது வீடியோ இல்ல. 1862ல லண்டன்ல பெப்பர்னு ஒரு விஞ்ஞான பேராசிரியர் மேடையில காட்டின வித்தை. உங்க கண்ணுக்கு முன்னாடி, ஜன்னல் கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியிற பெரிய கண்ணாடி நிக்கும், நீங்க அதக் கவனிக்கவே மாட்டீங்க. உங்க பார்வைக்கு மறைவான இடத்துல இருக்குற பொம்மை மேல வெளிச்சம் அடிச்சா அதோட பிம்பம் கண்ணாடியில தெரியும், கண்ணாடிக்குப் பின்னாடி நிஜ ஹால், ரெண்டும் சேந்து ஆவி உள்ளயே நடமாடுற மாதிரி இருக்கும். இருட்டு இருந்தாத்தான் இது வேலை செய்யும். இந்த இடத்துலதான் நம்ம ஜனங்க ஃபோன் டார்ச்ச அடிக்கிறாங்க! இதே டெக்னிக் வெச்ச ஒரு பேய் வீட்டுக்குப் போயிருந்தேன், முன் வண்டியில ஒருத்தர் ரீல்ஸ் எடுக்க லைட்ட போட்டாரு, கண்ணாடி முழுக்க அந்த லைட்டும் அவர் மூஞ்சியும்தான். ஆஃப் பண்ணுங்கன்னு சொன்னதுக்கு "காசு குடுத்துத்தான வந்திருக்கேன்"ன்னு சண்டைக்கு வராரு. பின்னாடி உக்காந்திருந்த குழந்தைங்களும் காசு குடுத்துத்தான் வந்துச்சுங்க. தயவுசெஞ்சு உள்ள போறப்பவாவது அந்த ஃபோன பாக்கெட்ல வைங்கப்பா.