உருமி மேளப் பயிற்சிக்கு ப்யூர் டேட்டா: பைத்தானை எங்கே வைப்பது?

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் உருமி மேளக் குழு வைத்திருக்கிறோம். பாதிப் பேர் செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள். எல்லாரும் ஒன்றாகப் பயிற்சிக்குக் கூடுவதே அபூர்வம். வராதவர்களின் வாத்தியத்தைக் கணினி வாசிக்கட்டும் என்று எங்கள் தப்பு, உருமி அடிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, பெட்டிகளைக் கம்பியால் இணைத்து ஒலி செய்யும் ப்யூர் டேட்டா மென்பொருளில் ஒரு பேட்ச், அதாவது அந்த இணைப்புப் படம், போட்டேன். நாலு சுற்றுக்கு ஒரு முறை வேறு வகை வர வேண்டும், அதே வகை அடுத்தடுத்து வரக்கூடாது, காவடி ஏறுகிற மாதிரி வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். இதையெல்லாம் பெட்டியும் கம்பியுமாகப் போட்டதில் பேட்ச் இப்போது எனக்கே புரியவில்லை. பாலிடெக்னிக்கில் பைத்தான் படித்திருக்கிறேன். அதில் எழுதி ஒவ்வொரு அடியாக அனுப்பிப் பார்த்தேன், தாளம் ஆடுகிறது. பைத்தானை ப்யூர் டேட்டாவுக்குள்ளேயே வைக்க வழி உண்டா? தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போவதற்குள் முடிக்க வேண்டும்.

பதில்: வழி உண்டு தம்பி. ஆனால் உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். நீங்கள் சொல்லும் வேலைக்கு உள்ளே வைக்க வேண்டியது லூவா என்ற சின்ன நிரல் மொழி. பைத்தான் வெளியிலேயே இருக்கட்டும், அதற்கும் வேலை இருக்கிறது. அதற்கு முன்னால் தாளம் ஏன் ஆடியது என்று பார்த்துவிடுவோம். காரணம் தெரியாமல் மொழியை மட்டும் மாற்றினால் அதே ஆட்டம் லூவாவிலும் வரும்.

நிமிடத்துக்கு 120 தாளம், தாளத்துக்கு 4 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 125 மில்லிசெகண்ட். பைத்தானில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ஓர் அடியை அனுப்பு, 0.125 விநாடி தூங்கு, அடுத்த அடியை அனுப்பு. அந்தத் தூக்கத்துக்கு இயங்குதளம் கொடுக்கும் உறுதி 'குறைந்தது இவ்வளவு நேரம்' என்பது மட்டும்தான். பிரவுசர் திறந்திருந்தால் எழுப்புவது தாமதமாகும். போதாததற்கு, அடுத்த அடி எது என்று கணக்குப் போடும் நேரமும் தூக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். அடிக்கு 2 மில்லிசெகண்ட் கூடுதலாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 அடி முடிவதற்குள் 128 மில்லிசெகண்ட் பின்னால் போய்விடுவீர்கள். அது முழுசாக ஓர் அடி.

ப்யூர் டேட்டாவில் சீரான இடைவெளியில் தூண்டுதல் அனுப்பும் மெட்ரோ பெட்டி அப்படி இயங்குவதில்லை. அது சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல், ஒலி அட்டைக்கு எத்தனை சாம்பிள், அதாவது ஒலியின் சிறு துணுக்கு, போயிருக்கிறது என்ற கணக்கில் ஓடுகிறது. 64 சாம்பிள் ஒரு கட்டு. விநாடிக்கு 44,100 சாம்பிள் என்றால் ஒரு கட்டு ஏறத்தாழ 1.45 மில்லிசெகண்ட். கணினி திணறினால் ஒலி வெட்டுப்படும், கரகரக்கும், ஆனால் தாளக் கணக்கு பிசகாது. பதிவு செய்த அடியை ஒலிக்க வைக்கும் பெட்டி ஒரு கட்டின் தொடக்கத்தில்தான் கிளம்பும் என்பதால் ஒன்றரை மில்லிசெகண்டுக்குள் ஒரு பிசிறு இருக்கும். அதை எந்த ஆசானும் பிடிக்க மாட்டார்.

ஆகவே, எந்த மொழி எடுத்தாலும் 'எப்போது அடிப்பது' என்பதை மெட்ரோவிடமே விட்டுவிடுங்கள். 'எதை அடிப்பது' என்பதை மட்டும் ஸ்கிரிப்டிடம் கொடுங்கள். மீதியெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

உங்கள் பேட்ச் குழம்பியதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. மில்லர் பக்கெட் 1980களில் பாரிஸின் இர்காம் ஆய்வகத்தில் இதே மாதிரிப் பெட்டியும் கம்பியுமான மேக்ஸ் மென்பொருளை உருவாக்கியதும், 1990களில் ப்யூர் டேட்டாவை எழுதியதும் ஒலியும் செய்தியும் எங்கிருந்து எங்கே ஓடுகின்றன என்று கண்ணால் பார்ப்பதற்காக. ஓட்டத்தைக் காட்ட கம்பியை விடத் தோதான வழி இல்லை. 'போன தடவை எதை வாசித்தேன்', 'இது எத்தனையாவது சுற்று' போன்ற நினைவும் நிபந்தனையும் வந்துவிட்டால், மூன்று வரியில் எழுதக்கூடியதற்கு முப்பது பெட்டி வேண்டியிருக்கும். அந்த இடத்தில் ஒரு ஸ்கிரிப்ட் பெட்டியைச் செருகுவது குறுக்கு வழி இல்லை, முறையான வழியே அதுதான்.

ஏன் லூவா? 1993இல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. இன்னொரு மென்பொருளுக்குள் உட்கார்வதற்கென்றே சிறியதாகச் செய்யப்பட்டது. ப்யூர் டேட்டாவுக்கு இதைக் கொண்டுவரும் நீட்சியின் பெயர் பிடிலூவா. க்ளாட் ஹைலண்ட்-ஆலன் தொடங்கியதை இப்போது ஆல்பர்ட் கிராஃப் பராமரிக்கிறார். மெனுவில் நீட்சிகளைத் தேடும் இடத்தில் பிடிலூவா என்று தேடி இறக்கிக்கொள்ளலாம். பிறகு பேட்சில் டிக்ளேர் பெட்டி போட்டு, லிப் என்ற இடத்தில் அதன் பெயரைக் கொடுங்கள். ப்யூர் டேட்டாவை அடிப்படையாகக் கொண்ட ப்ளக்டேட்டா மென்பொருளைப் பயன்படுத்தினால் இந்த வேலையும் இல்லை, லூவா அதிலேயே வருகிறது. தோட்டத்தில் லைன் கிடைக்காத இடத்தில் வேறொருவர் மடிக்கணினியில் ஓட்ட வேண்டியிருந்தால் ப்ளக்டேட்டாவைப் பென்டிரைவில் கொண்டுபோவதே நல்லது.

லூவா கோப்பு பேட்ச் இருக்கும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும். கோப்பின் பெயரும், கோப்புக்குள் வகுப்பைப் பதிவு செய்யும் பெயரும், பெட்டியில் எழுதும் பெயரும் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்தில் வையுங்கள். கோப்பில் முதலில் வகுப்பைப் பதிவு செய்யும் வரி. அடுத்து இனிஷியலைஸ் என்ற செயல்கூறு. பெட்டிக்குள் செய்தி வரும் இன்லெட் எத்தனை, வெளியே போகும் அவுட்லெட் எத்தனை என்று அதில் சொல்லி, கடைசியில் ட்ரூ என்று திருப்ப வேண்டும். அந்த ட்ரூவை விட்டுவிட்டால் பெட்டியே உருவாகாது. புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தடுக்குவது அங்கேதான். அப்புறம் முதல் இன்லெட்டுக்கு பேங் என்ற தூண்டுதல் வந்தால் என்ன செய்வது என்கிற செயல்கூறு. உங்கள் பேட்சின் மூளை முழுவதும் இந்த மூன்றாவதற்குள்தான் இருக்கும்.

அதற்குள் போகலாம். ஒரு சுற்றுக்கு 16 அடி என்று எடுத்துக்கொள்கிறேன், உங்கள் குழுவின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகையும் 16 எண்கள் கொண்ட ஒரு பட்டியல். 0 என்றால் வெற்றிடம், 1 தப்பில் மெல்லிய அடி, 2 ஓங்கிய அடி, 3 உருமியில் வளைகுச்சித் தேய்ப்பு. மெட்ரோ பேங் கொடுக்கும்போதெல்லாம் படியில் 1 கூட்டுங்கள். படி 16ஐத் தாண்டினால் 1க்குத் திருப்பி, சுற்றில் 1 கூட்டுங்கள். அப்போது சுற்று 4ஆல் மீதியின்றி வகுபட்டால் புது வகை எடுங்கள். பிறகு அந்தப் படியில் உள்ள எண்ணை அவுட்லெட்டில் அனுப்புங்கள். வெளியே ஒரு செலக்ட் பெட்டி, அதன் கீழே மூன்று ஒலிகள். நீங்கள் சொல்லும் அந்தக் கம்பிக் காடு இவ்வளவுக்கு இறங்கிவிடும்.

அதே வகை அடுத்தடுத்து வராமலிருக்கப் பலரும், வேறு எண் விழும் வரை திரும்பத் திரும்பச் சீட்டுப் போடுவார்கள். தேவையில்லை. ஆறு வகை இருந்தால் 1 முதல் 5 வரை ஒரு சீட்டு எடுங்கள். வந்த எண் போன தடவை வாசித்த வகையின் எண்ணுக்குச் சமமோ பெரிதோ என்றால் 1 கூட்டுங்கள். பழைய வகை ஒருபோதும் வராது, மற்ற ஐந்துக்கும் சம வாய்ப்பு. சொல்ல மறந்தேன், ப்யூர் டேட்டாவின் ராண்டம் பெட்டி, சீட்டு வரிசையைத் தொடங்கி வைக்கும் விதை எண் கொடுக்காவிட்டால், ப்யூர் டேட்டாவைப் புதிதாகத் தொடங்கிப் பேட்சைத் திறக்கும்போதெல்லாம் அதே வரிசையில்தான் ஓடும். பையன்கள் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். லூவாவிலும் ஒரு முறை நேரத்தை விதையாகக் கொடுத்துவிடுங்கள்.

வேகத்துக்கு இரண்டாவது அவுட்லெட். சுற்றுக்கு 2 சதவீதம் இடைவெளியைக் குறைத்தால் 125 மில்லிசெகண்ட் பத்துச் சுற்றில் சுமார் 102 ஆகும், அதாவது 120 தாளத்திலிருந்து ஏறத்தாழ 147. காதுக்குத் தெரியாமல் ஏறும். அதற்குக் கீழ் எல்லை ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றரை நிமிடத்தில் தப்புச் சத்தம் தையல் மெஷின் மாதிரி ஆகிவிடும். இந்த எண்ணை மெட்ரோவின் வலது இன்லெட்டில் கொடுக்க வேண்டும். இடது இன்லெட்டில் கொடுத்தீர்களானால் மெட்ரோ உடனே பேங் அனுப்பும், லூவா உடனே எண்ணைத் திருப்பி அனுப்பும், மெட்ரோ மறுபடி பேங் அனுப்பும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்று சிவப்பு எழுத்தில் வரும். ப்யூர் டேட்டாவில் வலமிருந்து இடம் என்ற பழக்கம் உங்களுக்குத் தெரியும். லூவாவுக்குள் அந்த ஒழுங்கு தானாக வராது, நீங்கள் எழுதும் வரிசைதான் அனுப்பும் வரிசை. முதலில் வேகம், பிறகு அடி என்று எழுதுங்கள். இன்னொன்று, லூவா 1இலிருந்து எண்ணும், ப்யூர் டேட்டாவின் அரே 0விலிருந்து எண்ணும். பதிவுகளை அரேயில் வைத்து லூவாவிலிருந்து தொடப்போனால் அங்கே ஒன்றைக் கழிக்க நினைவிருக்கட்டும்.

லூவாவிலும் ஓர் ஆபத்து உண்டு. அது ஓடுவது ஒலி ஓடும் அதே இழையில். உங்கள் செயல்கூறு முடியும் வரை அடுத்த கட்டு ஒலி கிளம்பாது. அமைப்பில் நீங்கள் வைத்திருக்கும் ஒலித் தாமத அளவு கொஞ்சம் தாங்கும், அதற்கு மேல் போனால் வெட்டு விழும். பதினாறு எண்ணில் ஒன்றைத் தேடுவதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நெட்டில் போய் ஏதோ எடுத்து வருவது, பெரிய கோப்பு படிப்பது, ஆயிரக்கணக்கில் சுற்றும் லூப் ஆகியவற்றை வாசிப்பின் நடுவே செய்யாதீர்கள். கோப்பு படிக்க வேண்டுமென்றால் பேட்ச் திறக்கும்போதே லோட்பேங்கில் படித்துவிடுங்கள். முடிவில்லாத லூப் எழுதிவிட்டால் ப்யூர் டேட்டா மொத்தமும் உறைந்துவிடும், சேமிக்காத பேட்சும் போய்விடும்.

இப்போது பைத்தானுக்கு வருகிறேன். உள்ளேயே வைக்கும் நீட்சிகள் இருக்கின்றன. தாமஸ் கிரில் எழுதிய பழைய ஒன்றும், பை4பிடி என்ற புதியதும். வீட்டில் ஆராய்ச்சி செய்ய அருமையானவை. ஆனால் கணினியில் உள்ள பைத்தான் பதிப்பும் நீட்சி எதிர்பார்க்கும் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். கோயில் மண்டபத்தில், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சண்டையைப் போட எனக்கு மனசு வராது.

வெளியில் தனியாக ஓடும் பைத்தான் என்றால் கதை வேறு. அது தொங்கினாலும் தாளம் நிற்காது. இரண்டுக்கும் நடுவே, இசை மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஓஎஸ்சி முறைச் செய்தி போதும். ப்யூர் டேட்டா பக்கம் நெட்ரிசீவ் பெட்டியை யூடிபி, பைனரி முறையில் திறந்து, ஓஎஸ்சிபார்ஸ், லிஸ்ட் ட்ரிம், ரூட் என்று கீழே இறக்குங்கள். எல்லாமே கூடவே வரும் பெட்டிகள், எதையும் இறக்க வேண்டாம். முகவரி 127.0.0.1. விண்டோஸ் ஃபயர்வால் முதல் முறை அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் அடி அடியாக அனுப்பாதீர்கள். சுற்றுச் சுற்றாக அனுப்புங்கள். ஒரு சுற்று தொடங்கும்போது ப்யூர் டேட்டா 'அடுத்தது கொடு' என்று பைத்தானிடம் கேட்கட்டும். 16 அடிக்கு 2 விநாடி இருக்கிறது. பைத்தான் ஆற அமர யோசித்து 16 எண்களை ஒரே செய்தியாக அனுப்பட்டும். லூவா அதை வாங்கி வைத்துக்கொண்டு, நடக்கும் சுற்று முடிந்த பிறகே மாற்றட்டும். செய்தி வரவில்லையா, பழைய வகையையே இன்னொரு சுற்று வாசிக்கட்டும். 50 மில்லிசெகண்ட் தாமதம் வந்தாலும் கேட்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் ஆசான் வாசித்த பழைய பதிவுகளை அலசி, எந்த வகைக்குப் பின் எந்த வகை வருகிறது என்று கற்கும் ஆசை உங்களுக்கு எப்படியும் ஒரு நாள் வரும். அதற்குப் பைத்தானை விட்டால் ஆள் இல்லை. தைப்பூசத்துக்கு அது வேண்டாம்.

மேக்ஸ் வாங்கலாமா என்று உங்கள் நண்பர் யாராவது கேட்பார். அதில் ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பெட்டி வெகுகாலமாக இருக்கிறது. அது குறைந்த முன்னுரிமை வரிசையில் ஓடுவதால் அடியின் நேரத்தை அதனிடம் விட முடியாது. 2018இல் வந்த மேக்ஸ் 8, நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சூழலைத் தனி ப்ராசஸாக ஓட்டுகிறது, நான் மேலே பைத்தானுக்குச் சொன்ன அதே ஏற்பாடு. அதே பாடத்தை அங்கே பணம் கொடுத்துப் படிப்பீர்கள், அவ்வளவுதான்.

உருமியின் தேய்ப்புச் சத்தத்தைப் பதிவு இல்லாமல் கணினியிலேயே உருவாக்கப் போகிறீர்களா? அதை லூவாவில் சாம்பிள் சாம்பிளாக எழுதாதீர்கள். ஒலிக்கென்றே உள்ள பெட்டிகள் இருக்கின்றன, அதற்கும் மேலே போனால் லியோனின் கிராம் மையத்தில் ஒலி உருவாக்கத்துக்கென்றே உருவான ஃபௌஸ்ட் மொழி இருக்கிறது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கடைசியாக ஒன்று. வகைகளை லூவா கோப்புக்குள் எழுதி வைக்காதீர்கள். ப்யூர் டேட்டாவில் டெக்ஸ்ட் டிஃபைன் என்ற பெட்டி இருக்கிறது. கே என்ற கொடியோடு போட்டால் உள்ளே எழுதியது பேட்சோடு சேர்ந்தே சேமிக்கப்படும். ஒரு வரிக்கு ஒரு வகை, 16 எண்கள். லூவா வரி எண்ணை மட்டும் தேர்ந்தெடுக்கட்டும், அந்த வரியை டெக்ஸ்ட் கெட் பெட்டி எடுத்துக் கொடுக்கும். அந்தப் பெட்டியைக் கிளிக் செய்தால் சாதாரண எழுத்துச் சன்னல் திறக்கும். 'இந்த இடத்தில் ஓங்கி அடிக்காதே' என்று ஆசான் சொன்னால் அங்கே ஒரு 2ஐ 1 ஆக்கினால் போதும். நீங்கள் ஷிஃப்டில் இருக்கும்போது அதை அவரே செய்துகொள்வார்.