போட்டோ மாதிரியே தெரியும் வெக்டர் உருவப்படம் வரைய கிராடியன்ட் மெஷ் கட்டாயம் கற்க வேண்டுமா?

கட்டாயமில்லை. வெக்டர் என்றால் பிக்சலாக இல்லாமல் கோடும் வடிவமுமாக வரைவது, எவ்வளவு இழுத்தாலும் உடையாது. மெஷ் என்றால் இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைமென்பொருளில் ஒரு வடிவத்தின்மேல் வலைபோலக் கோடுகள் போட்டு, புள்ளிக்குப் புள்ளி நிறம் கொடுத்து இழையவிடுவது. கன்னம், நெற்றி, மூக்குத்தண்டு ஆகிய இடங்களில் மெஷ் கைகொடுக்கும். மற்ற இடங்களில் நேரம்தான் போகும்.

நான் பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் பேனர் டிசைன் செய்கிறேன். இங்கே யாரும் கலை ஆர்வத்தில் வெக்டர் முகம் கேட்பதில்லை. தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள், பந்தலைத் தொடங்கிவைத்த பெரியவரின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பெரும்பாலும் அது ஐசிக்கோ (அடையாள அட்டை) பாஸ்போர்ட்டுக்கோ எடுத்த பழைய படத்தைக் கைப்பேசியில் மறுபடி பிடித்ததாக இருக்கும். 1,600 பிக்சல் உயரமுள்ள படத்தை 6 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 22 பிக்சல்தான் மிஞ்சும். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் சமாளித்துவிடும், கிட்டே வந்து நிற்பவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும்.

படத்தைத் தானாகவே வெக்டராக்கும் இமேஜ் டிரேஸை அழுத்தினால் போதாதா என்றால், போதாது. அது நிறம் மாறும் எல்லைகளை மட்டும் பிடிக்கும். எது கண்ணிமை, எது படத்தில் விழுந்த பூஞ்சைக் கறை என்று அதற்குத் தெரியாது.

வேலையின் பாதி, வரையத் தொடங்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ படத்தின் ஒரு நகலை எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, போஸ்டரைஸ் போட்டு நிறத்தை ஐந்தாறு நிலைகளுக்குக் குறையுங்கள். இப்போது தெரியும் நிழல் துண்டுகள்தான் முகம். அவற்றைப் பென் டூலால் பெரிதிலிருந்து சிறிதாக வரையுங்கள். வளைவு திரும்பும் உச்சியில் மட்டும் புள்ளி வைத்தால் போதும், புள்ளி கூடினால் தாடை நெளியும். இந்த ஐந்தாறு நிறத்திலேயே வீட்டார் ஆளைக் கண்டுபிடித்துவிட வேண்டும். அது நடக்காவிட்டால், மேலே எத்தனை மெஷ் போட்டாலும் வேறு யாரோதான்.

மெஷ் 1998-இல் இல்லஸ்ட்ரேட்டர் 8-உடன் வந்தது. அதன் பிடிவாதம் இன்றுவரை மாறவில்லை: ஒரு புள்ளி சேர்த்தால், கோடு அந்த வடிவத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடும். முழு முகத்துக்கும் ஒரே மெஷ் போட்டால் கடைசியில் மீன்வலைதான் மிஞ்சும். கன்னத்துக்குத் தனி, நெற்றிக்குத் தனி என்று பிரியுங்கள். எளிய செவ்வகத்தில் இரண்டு மூன்று கோடுகள் போட்டு, பிறகு வளைத்துப் பொருத்துவது நல்லது. கழுத்து நிழல் போன்றவற்றுக்கு இரண்டு வடிவங்களுக்கு நடுவே பிளெண்ட் (ஒன்று மற்றதாகப் படிப்படியாக மாறுவது) போட்டாலே போதும். நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

நம்மவர்கள் முகத்தில் சறுக்குவது பெரும்பாலும் நிறத்தில்தான். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் தோல் சாம்பல் பூத்துவிடும். மெஜந்தாவையும் கொஞ்சம் சயானையும் ஏற்றி, செம்பழுப்பு வழியாக இருட்டுக்குப் போங்கள். ஐட்ராப்பரை இரட்டைச் சொடுக்கி மாதிரி அளவை 5×5 சராசரிக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் போட்டோவின் புள்ளிப் புள்ளி நிறமெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணின் வெள்ளையை வெள்ளையாக விடாதீர்கள். மேலிமையின் நிழல் அதன்மேல் விழாவிட்டால் ஆள் திடுக்கிட்டது போல முழிப்பார்.

அப்புறம் திருநீறு. மூன்று வெள்ளைப் பட்டைகளாக வரைந்தால் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருக்கும். ஒளிபுகு அளவைக் குறைத்து, ஓரத்தை ஒழுங்கில்லாமல் உடைத்து, நெற்றிச் சுருக்கம் அதன் ஊடாகத் தெரிய விடுங்கள். நகைக்கு நேர்மாறு: ஜிமிக்கிக்கும் சங்கிலிக்கும் கூர்மையான ஓரமுள்ள தட்டை வடிவங்களே பளபளப்பைத் தரும். முடியை இழை இழையாக வரைய வேண்டாம். மொத்தமாக ஒரு கருமை, காதோரத்திலும் வகிட்டிலும் மட்டும் சில இழைகள். சரி, மீசை உள்ளவர் என்றால் அங்கே கொஞ்சம் கூடுதலாகப் பொறுமை வேண்டும்.

இலவசமாக வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப் 0.92-இலிருந்து மெஷ் இருக்கிறது. ஆனால் அது கோப்பைச் சேமிக்கும் எஸ்விஜி என்ற வெக்டர் கோப்புத் தரத்தில் மெஷ் கிராடியன்ட் இடம்பெறவில்லை. அதனால் அந்தக் கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால் கன்னம் காணாமல் போகலாம். அச்சுக்கடைக்குப் பெரிய பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்து கொடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் எங்காவது மங்கலாக்க காஸியன் பிளர் போட்டிருந்தால், அது வெக்டர் அல்ல, பிக்சல். அனுப்புவதற்கு முன் டாகுமெண்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் அமைப்பு அங்குலத்துக்கு 72 பிக்சலில் நிற்கிறதா என்று பார்த்து, குறைந்தது 150-க்கு ஏற்றிவிடுங்கள்.