டிரெய்லர் சரி, இழுவை வேண்டாம்

தம்பி, மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து போன அக்டோபரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள பிராம்ப்டனுக்கு வந்திருக்கிறீர்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள். வரும் கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்து தங்கப் போகிறார்கள். அலுவலகத்தில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை மதியமே, படுக்கையும் அடுப்பும் உள்ள டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்புவதைப் பார்த்து உங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. 22 அடி நீளமுள்ள பழைய டிரெய்லர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதன் எடை 4,200 பவுண்டு, உங்கள் மூன்று வரிசை எஸ்யூவி 5,000 பவுண்டு இழுக்கும், ஆகவே வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள். ஆனால் இந்தக் கோடையில் டிரெய்லரில் தங்குங்கள்.

குழப்புகிறேனோ? உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நல்ல கூடாரமே தாராளம். டிரெய்லர் தேவைப்படுவது அம்மாவுக்கு. முட்டி வலியோடு தரையில் படுத்து எழ முடியாது. இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு பொதுக் கழிப்பறைக்கு நடக்க முடியாது. மழை பிடித்தால் ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்கவும் முடியாது. கட்டில், கதவு, கழிப்பறை, கணப்பு, சின்னதாக ஓர் அடுப்படி ஆகிய ஐந்தும் இருந்தால் எழுபது வயதுக்காரரும் ஏரிக்கரையில் நிம்மதியாக மூன்று இரவு தங்கலாம். என் மாமியார் அப்படித்தான் இந்த ஊரின் ஏரிகளைப் பார்த்தார். அவர் ஊர் திரும்பிய பிறகு நாங்களே பல தடவை கூடாரத்தோடு போய்விட்டு வந்திருக்கிறோம்.

ஒன்டாரியோவில் வாடகை டிரெய்லரை நீங்கள் பதிவு செய்த முகாம் இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தி, மட்டம் பார்த்து, மின்சாரம் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முடிந்ததும் அவர்களே வந்து எடுத்துப் போவார்கள். பூங்காவில் இடத்தை மட்டும் நீங்கள் உங்கள் பெயரில் பிடிக்க வேண்டும். மின் இணைப்புள்ள இடமா, டிரெய்லரின் நீளத்துக்கு அந்த இடம் போதுமா என்று இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விலை கொஞ்சம் உறைக்கும். சொந்த டிரெய்லரின் முதல் ஆண்டுச் செலவோடு ஒப்பிட்டால் உறைப்பு தணிந்துவிடும்.

இனி எடைக் கணக்கு. விற்கிறவர் சொன்ன 4,200 பவுண்டு என்பது வெறும் வண்டியின் எடை, அதாவது சுமார் 1,905 கிலோ. நன்னீர்த் தொட்டியை நிரப்பினால் 150 லிட்டர், ஆகவே 150 கிலோ. நிரம்பிய இரண்டு புரொப்பேன் சிலிண்டர்கள் ஏறக்குறைய 34 கிலோ. அரிசி, பாத்திரம், மெத்தை, நாற்காலி, துணிமணி எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று குறைத்தே வையுங்கள். மொத்தம் 2,289 கிலோ. உங்கள் எஸ்யூவியின் 5,000 பவுண்டு என்பது 2,268 கிலோ. வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அதன் முன்மூக்கு வழியாக உங்கள் வண்டியின் முதுகில்தான் இறங்கும். 12 சதவீதம் என்று வைத்தால் 275 கிலோ. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். உங்களுடையது 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், ஆக 330 கிலோ. அதோடு அந்த 275. குளிர்பெட்டியை ஏற்றும் முன்பே ஐந்து கிலோ அதிகம். விற்பனையாளர்கள் இழுவைத் திறனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்த ஸ்டிக்கரைத் தாமாக எடுத்துக் காட்டிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சட்டம் உங்களைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்டாரியோவின் சாதாரண ஜி வகை ஓட்டுநர் உரிமத்திலேயே, டிரெய்லர் 4,600 கிலோவையும் இரண்டும் சேர்ந்து 11,000 கிலோவையும் தாண்டாதவரை இழுக்கலாம். டிரெய்லருக்குத் தனி எண் தகடு வேண்டும், பாதுகாப்புச் சங்கிலி வேண்டும், 1,360 கிலோவும் அதற்கு மேலும் என்றால் அதற்கென்று பிரேக் வேண்டும். அந்தப் பிரேக்கை இயக்கும் கருவியை உங்கள் வண்டிக்குள் தனியாகப் பொருத்த வேண்டியிருக்கும். ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் உட்காரக் கூடாது. அம்மா வழியில் கொஞ்சம் படுத்துக்கொண்டு வரட்டுமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். 400ஆம் நெடுஞ்சாலையில் பக்கத்தில் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி கடந்து போகும்போது, எடை அதிகமான டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தால் காகிதத்தில் இருக்கும் சட்டம் துணைக்கு வராது.

இடம் பிடிப்பது தனிக் கலை. மாகாணப் பூங்காக்களில் நீங்கள் போய் இறங்கும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பே, காலை ஏழு மணிக்கு முன்பதிவு திறக்கும். ஜூலை 20 வேண்டுமென்றால் பிப்ரவரி 20, வெளியே பனி கொட்டும்போது கணினி முன் உட்கார வேண்டும். சேண்ட்பேங்க்ஸ் போன்ற இடங்கள் நிமிடங்களில் போய்விடும். கிடைக்கவில்லை என்று மனம் தளராதீர்கள், ரத்தாகும் இடங்கள் தினமும் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றன. என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி வாரம்தான் சிறந்தது. மே நடுவிலிருந்து ஜூன் வரை கருப்பு ஈயும் கொசுவும் காதுக்குள் புகுந்து கடிக்கும், தண்ணீரும் நடுக்கும். செப்டம்பரில் பள்ளி திறந்த பிறகு இடம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களே.

முதல் தடவை தூரம் போகாதீர்கள். 401ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய டார்லிங்டன், சிம்கோ ஏரியில் சிபால்ட் பாயின்ட், ஆறு பிடிக்கும் என்றால் கிராண்ட் நதியில் எலோரா. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் இரவோடு இரவாக வீடு திரும்பக்கூடிய தூரம். அல்கான்குயின் மாகாணப் பூங்கா எங்கும் போய்விடாது. 1893 முதல் அது அங்கேதான் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த ஒரு வரி எனக்குக் கவலை தந்தது. 'நாங்கள் தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவர்கள், அந்தப் பயம் இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். பாபநாசத்துப் படித்துறையில் நீந்தப் பழகியது நல்ல விஷயம்தான். ஆனால் அல்கான்குயின் ஏரிகளில் பனிக்கட்டி உருகி முடிவதே பெரும்பாலும் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில். அந்தத் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் எவ்வளவு நீச்சல் தெரிந்தவருக்கும் மூச்சு திணறும். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், குளிரில் நினைவு தப்புவதற்கு ஒரு மணி நேரம். படகிலிருந்து விழுந்தவர்கள் பெரும்பாலும் அந்த மூன்றாவது கட்டம் வரை போவதே இல்லை, அதற்கு முன்பே மூழ்கிவிடுகிறார்கள். மிதவைச் சட்டை போட்டிருந்தால் முதல் இரண்டையும் தாண்டிவிடலாம்.

இந்த ஏரிகளில் படித்துறையும் கிடையாது. பாறை விளிம்பில் இடுப்பளவுத் தண்ணீர், அடுத்த அடியில் தரையே இல்லை. தண்ணீரும் தேநீர் நிறத்தில் இருக்கும், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. பான் எக்கோ பூங்காவில் மசினா ஏரியின் ஓரத்தில் 100 மீட்டர் உயரப் பாறை ஒன்று எழுந்து நிற்கிறது. அதில் பூர்வகுடிகள் வரைந்த ஓவியங்களைப் படகில் போய்ப் பார்க்கலாம், கட்டாயம் பாருங்கள். அந்த ஏரியின் ஆழம் 145 மீட்டர் என்பதும் நினைவில் இருக்கட்டும். மாகாணப் பூங்காக்களின் ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர் யாரும் நிற்பதில்லை. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு அவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மிதவைச் சட்டைகளைப் பல பூங்காக்களில் இரவல் தருகிறார்கள். ஆற்றில் என்றால் அணைக்கட்டின் பக்கமே போக வேண்டாம். வானம் தெளிவாக இருந்தாலும் மேலே மதகு திறந்தால் கீழே நீர் சட்டென்று ஏறிவிடும்.

இனி வீட்டம்மாக்களின் பகுதி. (எங்கள் வீட்டில் டிரெய்லரைப் பின்னோக்கி நிறுத்துவது நான்தான், வெளியே நின்று கைகாட்டுவதுதான் வீட்டுக்காரர் வேலை. அதனால் கோபப்படாதீர்கள்.) மீனை உள்ளே பொரிக்காதீர்கள், வாசம் திரைச்சீலையில் வாரக்கணக்கில் நிற்கும். வெளியே மேசையில் புரொப்பேன் அடுப்பு வைத்துச் சமையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பருக்கை விடாமல் எல்லாம் கார் டிக்கிக்குள் போக வேண்டும். கரடிக்கு நம் கருவாட்டுக் குழம்பில் எந்தத் தயக்கமும் இல்லை. வாடகை டிரெய்லர்கள் பெரும்பாலும் 30 ஆம்பியர் இணைப்பில் ஓடும். இங்கே 120 வோல்ட், ஆக மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போது கெட்டிலும் ரைஸ் குக்கரும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். ஊரிலிருந்து அம்மா கொண்டுவரும் 230 வோல்ட் மிக்ஸி இங்கே சரியாகச் சுற்றாது. சட்னியை அரைத்தே எடுத்துப் போங்கள்.

கழிப்பறைக்குள் ஒரு குவளை வைத்துவிடுங்கள், அம்மா கேட்கக் கூச்சப்படுவார். கழிவுத் தொட்டி அடைத்துக்கொள்வது பெரும்பாலும் தண்ணீரைக் கஞ்சத்தனமாக விடுகிறவர்களுக்குத்தான், அந்த வகையில் நம் பழக்கம் அதற்கு நல்லது. குளியலை மட்டும் பூங்காவின் பொதுக் குளியலறையில் முடித்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் உள்ளேயே குளித்தால் குளியல் நீர்த் தொட்டி ஒரே நாளில் நிரம்பிவிடும். தொட்டிகளைக் காலி செய்வது யார் பொறுப்பு என்று வாடகைக்குத் தருகிறவரிடம் முதலிலேயே கேளுங்கள். உங்கள் பொறுப்பு என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஞாயிறு மதியம் அந்தக் குழாய் வரிசையில் நின்றவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

சொந்தக்காரர்களை அழைக்கும் ஆசை வரும். ஓர் இடத்தில் ஒரே குடும்பம், இல்லையென்றால் ஆறு பேர், அவ்வளவுதான் அனுமதி. மிசிசாகாவிலிருந்து மூன்று வண்டிகளில் வந்து ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போட்டால் காவலர் வருவார், வர வேண்டியதும்தான். கூட்டமாகப் போக வேண்டும் என்றால் குழு முகாம் இடங்கள் தனியாக இருக்கின்றன, அவற்றைப் பிடியுங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள், பூச்சி பரவும். பூங்காவிலேயே விற்கிறார்கள்.

இரண்டு கோடைகள் இப்படிப் போய்வந்த பிறகும் ஆசை தணியவில்லை என்றால் அப்போது வாங்குங்கள், அதுவும் விலை இறங்கும் இலையுதிர் காலத்தில். அதற்கு முன் அதை எங்கே நிறுத்துவீர்கள் என்று பாருங்கள். பல நகராட்சிகளில் வீட்டு முகப்பில் ஆண்டு முழுவதும் நிறுத்த விடமாட்டார்கள், தனியிடத்துக்கு மாத வாடகை கட்ட வேண்டும். குளிர்காலத்துக்கு முன் குழாய்களை வடித்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவம் ஓடவிட வேண்டும். தவறினால் வசந்தத்தில் குழாய் வெடித்திருக்கும்.

அப்பா தூண்டில் போடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இங்கே வசிப்பவர்களில் 18 வயதுக்குக் கீழும், 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தனியாக உரிமம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அப்பா வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தாளி, வயது எதுவானாலும் அந்தச் சலுகை அவருக்குப் பொருந்தாது. ஒருநாள் உரிமம் இருக்கிறது, அதை எடுத்துக் கொடுங்கள். நீங்கள் வந்து ஆறு மாதம் தாண்டியிருக்கும் என்பதால் ஒன்டாரியோவாசி என்ற கணக்கில் உங்களுக்குக் குறைந்த கட்டணமே ஆகும்.