கோஹா இலவசம் என்றால் கொட்டேஷன் எதற்கு?

வாசகர் கேள்விகள்: திறமூல மென்பொருளும் பணமும்

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் 18,000 புத்தகங்கள் இருக்கின்றன. கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாற முடிவு செய்தோம். "இலவசம்தானே" என்று நிர்வாகம் பணமே ஒதுக்கவில்லை. நிறுவித் தர வந்தவர்களோ பெரிய தொகை கேட்கிறார்கள். சும்மா கிடைப்பதை விற்பது நியாயமா?
– நூலகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நியாயம்தான், சட்டப்படியும் சரி. கோஹா ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. காசு வாங்கக் கூடாது என்று அந்த உரிமத்தில் எங்கும் இல்லை. வாங்கியவருக்கு மூலநிரல் கிடைக்க வேண்டும், அவர் அதைத் திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இவற்றைத் தடுக்கக் கூடாது என்பதுதான் அதன் நிபந்தனை. அந்த உரிமத்தை உருவாக்கிய ரிச்சர்டு ஸ்டால்மனே எண்பதுகளில் தன் ஈமாக்ஸ் மென்பொருளை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பிவந்தார். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் சுதந்திரத்துக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் என்பதால் வந்த குழப்பம் இது. தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. நிர்வாகத்திடம் பேசும்போது இரண்டாவது சொல்லையே பயன்படுத்துங்கள்.

கொட்டேஷனை வரி வரியாகப் பாருங்கள். 'கோஹா லைசென்ஸ் கட்டணம்' என்று ஏதாவது இருந்தால் அடித்துவிடலாம். அப்படி ஒன்று கிடையாது. மற்றதெல்லாம் உழைப்புக்கான கூலி. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு அதன்மேல் கோஹாவை நிறுவுவது, தெரிந்தவருக்கு அரை நாள் வேலை. உங்கள் அளவுக்கு 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, யுபிஎஸ் உள்ள ஒரு கணினி போதும். காலமும் பணமும் கரைவது பழைய பதிவுகளை மாற்றுவதில்தான்.

பழைய பட்டியலை எக்செல்லில் எடுத்து, நூலகப் பதிவுகளுக்கான மார்க்21 வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஆசிரியர் 100-ஆம் புலத்தில், தலைப்பு 245-இல், பிரதி பற்றிய விவரம் 952-இல். பெரும்பாலும் இந்த 952-இல்தான் சறுக்கல். அதன் துணைப்புலங்களில் ஏ, பி இரண்டும் நூலகக் குறியீடு, ஒய் என்பது பொருள் வகை (புத்தகம், இதழ் போன்றவை), ஓ என்பது அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் அழைப்பு எண். கோஹாவில் நீங்கள் வைத்திருக்கும் குறியீட்டோடு இவை எழுத்து பிசகாமல் பொருந்தாவிட்டால், தலைப்பு தெரியும், ஆனால் இரவல் கொடுக்கப் பிரதி இருக்காது. ஒரே பார்கோடு இரண்டு புத்தகத்துக்கு இருந்தால் இரண்டாவது ஏறாது. பதினெட்டாயிரத்தில் இப்படிப்பட்ட இரட்டைகள் கட்டாயம் இருக்கும்; முன்னதாகவே எக்செல்லில் வடிகட்டிவிடுங்கள்.

தமிழ் நூல்களுக்கு இன்னொரு படி உண்டு. பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால், திரையில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் பதிவாகியிருக்கும். யுனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் எந்தத் தமிழ்த் தேடலும் பலிக்காது. மாற்றிய பிறகும், கோஹாவின் ஜீப்ரா தேடல் பொறியை, பிற மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியு முறையில் அமைக்கச் சொல்லுங்கள். இயல்பாக வரும் அமைப்பு லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்தது. முதலில் 50 பதிவுகளை மட்டும் ஏற்றி, தேடி, இரவல் கொடுத்து, திரும்பப் பெற்றுப் பாருங்கள். அதன்பின் முழு மூட்டையை அவிழ்க்கலாம்.

அடுத்தது பராமரிப்பு. கோஹா தினமும் தானே நகல் எடுக்கிறது, ஆனால் அதே வட்டில்தான் வைக்கிறது. இயல்பாக மிகச் சில நாள் நகல்களே தங்கும். வட்டு போனால் நகலும் போயிற்று. வெளி வட்டுக்கு நகர்த்த ஏற்பாடு செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் அதை மீட்டுப் பார்ப்பது அவசியம். ஆண்டுதோறும் மே, நவம்பர் மாதங்களில் புதிய பதிப்பு வரும்; ஏற்றும் வேலை யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சர்வரில் முழு அதிகாரம் தரும் ரூட் கடவுச்சொல், தரவுத்தள நகல், எந்தப் புலத்தில் எது போனது என்ற அட்டவணை ஆகிய மூன்றும் உங்கள் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். அவை இருந்தால் அடுத்த ஆண்டு வேறொருவரிடம் வேலையை ஒப்படைக்கலாம். கட்டற்ற மென்பொருளால் உங்களுக்கு வரும் பெரிய பண லாபம் அதுதான். லைசென்ஸ் கட்டணம் மிச்சமாவது அதற்கு அடுத்ததுதான்.

கேள்வி: சம்பளமே இல்லாமல் இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: கோஹாவைச் சம்பளம் வாங்கித்தான் எழுதினார்கள். நியூசிலாந்தின் ஹொரோஃபெனுவா நூலக அறக்கட்டளையின் பழைய மென்பொருள், 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்ற நிலை. 1999-இல் கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்திடம் பணம் கொடுத்துப் புதியதை எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது. பிறகு ஜிபிஎல்லில் வெளியிட்டார்கள். நூலகம் மென்பொருள் விற்கப் போவதில்லை. தனியாகக் காலமெல்லாம் பராமரிப்பதைவிட, ஊருக்கே கொடுத்தால் மற்ற நூலகங்களும் செலவில் பங்கெடுக்கும். அப்படியே நடந்தது: தனக்கு வேண்டிய வசதிக்கு ஒரு நூலகம் பணம் கொடுக்கிறது, அது எல்லாருக்கும் போய்ச் சேர்கிறது. கோஹா என்றால் மாவோரி மொழியில் பரிசு. பதிலுக்கு நாமும் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதுவோரிலும் பெரும்பாலோர் நிறுவனச் சம்பளக்காரர்கள். 2019-இல் ஐபிஎம், லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. நிரல் ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. வாங்கியது ஆட்களையும், ஆதரவுச் சந்தா கட்டும் வாடிக்கையாளர்களையும்.

கேள்வி: கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து விற்கிறேன். ஜிபிஎல் நிரலைச் சேர்த்தால் என் நிரலை இணையத்தில் போட வேண்டுமா?
– ஈரோடு

பதில்: வேண்டாம். உங்களிடம் வாங்கியவருக்கு மூலநிரல் தர வேண்டும். ஆனால் அவர் அதை அடுத்த கடைக்குக் கொடுத்தால் தடுக்க முடியாது. அதைக் கணக்கில் வைத்து விலை வையுங்கள். உங்கள் சர்வரிலேயே ஓடும் சேவை என்றால் ஜிபிஎல் எதுவும் கேட்காது, இத்தகைய சேவைகளுக்கும் பொருந்தும் ஏஜிபிஎல் உரிமம் கேட்கும். எம்ஐடி, அப்பாச்சி உரிமங்களில் பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் நீங்காமல் இருக்க வேண்டும். பலர் தவறுவது இதில்தான்.

கேள்வி: காசு வராத மென்பொருளை எப்படி நம்புவது?
– கோவை

பதில்: அச்சம் சரியானதே. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, உலகின் பெரும்பகுதி இணையதளங்களைக் காத்த, அந்த ஓட்டை இருந்த மறையாக்க மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்தான். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைக்கப்பட்டிருந்தது 2024 மார்ச்சில் வெளிவந்தது. ஒரு பொறியாளர், லாகின் ஆக அரை விநாடி கூடுவதைக் கவனித்துத் தோண்டியதால் அது தெரிந்தது. பல ஆண்டுகளாக ஒரே தன்னார்வலர் சுமந்த திட்டம் அது. களைத்திருந்த அவருக்கு உதவுவதாக வந்தவர்தான் கதவை வைத்தார்.

உங்கள் நிறுவனம் எந்தத் திட்டங்களை நம்பி ஓடுகிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பராமரிக்கிறார்கள், கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்று எதிரே குறியுங்கள். ஒருவரே தாங்கும் திட்டங்களுக்கு நன்கொடை, சரியான பிழை அறிக்கை, அல்லது உங்கள் ஊழியரின் மாதம் ஒரு நாள் என ஏதாவது ஒன்றைக் கொடுங்கள்.