ஸ்டீயரிங் ஒரு பக்கமும் சீட் ஒரு பக்கமும் இருந்தால்: முதலில் காரை அளந்து பாருங்கள்

புதிய காரில் சற்று நீண்ட தூரம் ஓட்டினாலே ஒரு பக்கத் தோளும் இடுப்பும் வலிக்கின்றன, ஸ்டீயரிங் நேர் எதிரே இல்லாததுபோல் இருக்கிறது, இது வெறும் பிரமையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரமை என்று நான் நினைக்கவில்லை. ஸ்டீயரிங்கின் மையமும் சீட்டின் மையமும் ஒரே கோட்டில் அமையாத கார்கள் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. ‘உனக்கு மட்டும் ஏன் இப்படித் தோன்றுகிறது’ என்று வீட்டில் கேட்டிருப்பார்கள் என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது.

எனக்கும் இதே தொல்லை இருந்தது. கதவுப்பக்கத் தோள்பட்டைக்குப் பின்னால் தொடங்கிய வலி, போகப்போக இடுப்பின் அதே பக்கத்துக்கும் இறங்கியது. சர்வீஸ் சென்டரில் சொன்னபோது, வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்து, அதற்குரிய கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கார் நேராக ஓடும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பி நின்றால் அது அலைன்மென்ட் கோளாறு. ஸ்டீயரிங் நேராக நின்றும், அது பொருத்தப்பட்டிருக்கும் இடமே விலகியிருந்தால் அது வடிவமைப்பின் குறை. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லியும், ‘ஓட்டி ஓட்டிப் பழகினால் சரியாகிவிடும்’ என்ற பதில்தான் கிடைத்தது. ஓட்டுபவரின் உடம்பைக் குறை சொல்வதற்கு முன்பு ஓர் அளவு நாடாவை எடுக்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது இன்றும் எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

ஆகவே நானே அளந்தேன். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹெட்ரெஸ்டின் இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் ஒரு நூலைக் கட்டி, அதன் மறுமுனையை ஸ்டீயரிங்கின் நட்டநடுவில் டேப்பால் ஒட்டி விறைப்பாக நிறுத்தினேன். பிறகு வீட்டுச் சாவி ஒன்றை வேறொரு சிறு நூலில் கட்டி, சீட்டின் முன்விளிம்புக்கு நேர்மேலே அந்த நூலிலிருந்து தொங்கவிட்டேன். ஆடி அடங்கிய சாவி, சீட்டின் நடுத் தையலுக்கு மேல் நிற்காமல், இரண்டு விரல் அகலம் காரின் உட்பக்கமாகத் தள்ளி நின்றது. ஸ்டீயரிங் வளையத்தின் இரு பக்கங்களிலிருந்தும் சீட்டின் முதுகுப் பகுதியின் விளிம்புகளுக்கு அளந்தபோது, கதவுப்பக்க அளவு கூடுதலாக இருந்தது. ஸ்டீயரிங் விலகியிருந்ததோடு, அதன் முகம் சீட்டுக்கு நேராக இல்லாமல் சற்றுக் கோணலாகவும் இருந்திருக்கலாம். கதவுப்பக்கக் கை எப்போதும் கூடுதலாக நீள வேண்டியிருந்தது. தோள் வலிக்கான காரணத்தை அளவு நாடாவில் படித்தபோது ஏற்பட்ட நிம்மதியை அனுபவித்தவர்தான் அறிவார்.

இப்படி நேர்வதற்குக் காரணம் உண்டு. முன்சக்கரத்துக்கான இடம் கால் வைக்கும் பகுதிக்குள் புடைத்து வருவதால், பெடல்கள் காரின் நடுப்பக்கமாகத் தள்ளப்படலாம். ஸ்டீயரிங் தண்டும் எஞ்சின் அறையில் இருக்கும் மற்ற பாகங்களுக்கிடையே வழி கண்டு கீழே இறங்க வேண்டும். ஓட்டுநர் இடப்புறம் அமரும்படி வரையப்பட்ட காரைப் பின்னர் வலப்புறத்துக்கு மாற்றும்போது இந்த நெருக்கடி கூடுவதும் உண்டு. எல்லாக் கார்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. மிகச் சிறிய விலகல் பலருக்குத் தெரிவதே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிறருக்குத் தெரியவில்லை என்பதால் உங்களுக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஸ்டீயரிங்கை மேலும் கீழும், சில கார்களில் முன்னும் பின்னும் நகர்த்தலாம். பக்கவாட்டில் நகர்த்த வழியில்லை. எனவே விலகல் நீங்காது, அதனால் வரும் வலியைத்தான் குறைக்க முடியும். கிளட்சை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி சீட்டை முன்னே தள்ளுங்கள். தோள் சீட்டிலிருந்து எழும்பாமல், மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படியும் அளவுக்கு முதுகுப் பகுதியை நிமிர்த்துங்கள். முழங்கை மடங்கியிருந்தால் அந்த வித்தியாசத்தைத் தோள் சுமக்க வேண்டியதில்லை. எனக்குப் பெருமளவு நிவாரணம் தந்தது இதுதான். ஆனால் ஏர்பேக்கை முன்னிட்டு, நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே 25 செ.மீ.யாவது இருக்கட்டும். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே திரும்பியிருக்கும் இடுப்பை அது இன்னும் சாய்க்கும்.

சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி வேறு இடத்தில் பொருத்தித் தருவதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். விபத்தின்போது உங்களைத் தாங்கிப் பிடிப்பவை அந்தப் போல்ட்டுகள்; பல கார்களில் சீட்டுக்கடியில் ஏர்பேக் ஒயர்களும் செல்கின்றன.

விற்பனைக் குறிப்பேடுகளில் திரையின் அளவை அங்குலக் கணக்கில் அச்சிடுகிறார்கள். ஸ்டீயரிங் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அச்சிட்ட ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அடுத்த கார் வாங்கும்போது நூலோடு ஷோரூமுக்குச் செல்லுங்கள். விற்பனையாளர் என்ன நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். அதுவரை வலி காலுக்கு இறங்கினாலோ விரல்கள் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பாருங்கள். அளந்து எடுத்த அளவுகளையும் அவரிடம் காட்டுங்கள்.