டுரியான் மரத்தில் பறக்கும் ஓணான்

கேள்வி: ஐயா, பினாங்கு பாலிக் புலாவில் 40 டுரியான் மரம் வைத்திருக்கிறேன். பூ விட்டதிலிருந்து சில மரங்களில் சிச்சாக் குபின் என்கிற பறக்கும் ஓணான் ஏறிக்கொண்டே இருக்கிறது. காலையில் பார்த்தால் தரையெல்லாம் பூ. ஓணான்தான் கடிக்கிறது, அடிமரம் முழுக்கப் பூச்சிமருந்து அடியுங்கள் என்கிறார் கடைக்காரர். எவ்வளவு கலக்க வேண்டும்?

பதில்: ஒரு மூடிகூட வேண்டாம். அது பூவைத் தொடாது. எறும்பும் கரையானும்தான் அதன் தீனி. மஞ்சள் தொண்டைத் தோலை விரித்து விரித்து மடக்குவது ஆண். பக்கத்து ஆணுக்கு எச்சரிக்கை, பெண்ணுக்கு அழைப்பு, அவ்வளவுதான். டுரியான் பூ மாலையில் விரிந்து, இரவோடு இரவாக இதழையும் மகரந்தத் தாளையும் உதிர்க்கும். தரையில் கிடப்பது அவை மட்டும் என்றால் பயமில்லை. சில நாள் கழித்துக் காம்போடு விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. அந்த வேலை வௌவாலுடையது. ஒரே ரகம்தான் நிற்கிறதென்றால் இருட்டியதும் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவிப் பாருங்கள்.

ஓணான் ஏன் அந்தச் சில மரங்களில் மட்டும் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? அங்கே எறும்பு வரிசை இருக்கும். அது போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். பூங்காம்பில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியிருக்கும். அது கழிக்கும் இனிப்புக்குத்தான் எறும்பு அலைகிறது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி பாத்திர சோப்பு, அதுவும் காலையில், விரிந்த பூவில் படாமல். அடிமரத்தில் மருந்து அடித்தால் மேலே இருக்கும் மாவுப்பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. ஓணானுக்குத் தீனிதான் போகும்.

களைக்கொல்லி அடித்து மரத்தடியைச் சுட்டெரித்த மாதிரி வைப்பதை நிறுத்துங்கள். பெண் ஓணான் முட்டையிட மட்டுமே தரைக்கு வரும். மூக்கால் மண்ணைக் குடைந்து, நாலைந்து முட்டையிட்டு மூடி, ஏறக்குறைய ஒரு நாள் காவலிருக்கும். அது போகட்டும், உங்கள் மரத்தையே பாருங்கள். டுரியானின் தீனிவேர் மேல்மண்ணில்தான் ஓடுகிறது. புல் இல்லாத மண்ணில் மழை அடித்தால் சேறு தெறித்துப் பட்டையில் ஏறும். பைட்டோப்தோரா என்ற கிருமியால் வரும் பட்டை அழுகல் அந்தச் சேற்றிலும் வரும். பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. உடனே வேறு டின்னை எடுத்து நீட்டுகிறார்கள் கடைக்காரர்கள். டின் விற்றால் அவருக்குக் காசு, பட்டை அழுகினால் நஷ்டம் உங்களுக்கு. களைக்கொல்லியே வேண்டாம். மெஷினில் வெட்டுங்கள், 10 சென்டிமீட்டர் புல் நிற்கட்டும். அடிமரத்தை ஒட்டிக் கையால் மட்டும் பிடுங்குங்கள். மெஷின் கயிறு பட்டையைக் கிழித்தால் அழுகலுக்கு நீங்களே வாசல் திறந்த மாதிரி.

சோப்பை முதலில் ஒரே கொத்தில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். காம்பு கருகாவிட்டால் மற்ற மரங்களுக்கும் அடிக்கலாம்.